ஆஃபர் லெட்டரில் ‘சேலம்’ என்று இருந்தால் எந்தச் சேலம்?

வாசகர் கேள்வி – பதில்

கடைசி செமஸ்டரை இன்டர்ன்ஷிப்பில் செலவிடச் சேலம் மாவட்டத்துக்கு வரப்போகும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர் தவிர்த்து ஊர் மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். ஜனவரி முதல் மே வரை சேலத்தில் இன்டர்ன்ஷிப். அங்கே யாரையும் தெரியாது. புதிய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் வசதி என்கிறார்கள் நண்பர்கள். எடுத்துவிடலாமா?
— மாணவர், தூத்துக்குடி

எடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவுக்கு ஒரு போன் போட்டு இரண்டே விவரம் கேளுங்கள்: எந்த ஊரில் உள்ள எந்த கேட்டில் வந்து ரிப்போர்ட் செய்ய வேண்டும், எத்தனை மணி ஷிஃப்ட்.

சேலம் முகவரியில் இயங்கும் பல ஆலைகள் சேலம் டவுனிலேயே இல்லை. செயில் நிறுவனத்தின் இரும்பாலை ஊருக்கு மேற்கே ஒதுங்கி இருக்கிறது. ஜங்ஷன், சூரமங்கலம் பக்கம் தங்கினால் அது கிட்டத்தில். மேச்சேரிக்குப் பக்கத்தில் பொட்டனேரியில் உள்ள எஃகு ஆலைக்கு டவுனிலிருந்து தினமும் போய்வந்தால் பயணத்திலேயே மூன்று மணி நேரம் கரையும். மேட்டூர் அனல்மின் நிலையமும் அங்குள்ள ரசாயன ஆலைகளும் அதைவிடத் தூரம், ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகளில் பெரும்பாலானவை ஆத்தூர் ரோட்டுப் பக்கமும் அதைத் தாண்டியும் இருக்கின்றன. கைத்தறி, விசைத்தறி என்றால் இளம்பிள்ளையாக இருக்கலாம், டவுனுக்குள் அம்மாபேட்டை, குகையாகவும் இருக்கலாம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரம் பக்கமும். சாஃப்ட்வேர் என்றால் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் வளாகம் இருக்கிறது, சிறிய கம்பெனிகள் ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், ஸ்வர்ணபுரி என்று சிதறிக் கிடக்கின்றன. இவற்றில் ஒன்றுக்கு வசதியான ரூம் இன்னொன்றுக்குத் தண்டனை.

இரண்டாவது விவரமான ஷிஃப்டையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஜெனரல் ஷிஃப்ட்தான், காலை எட்டு அல்லது ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. ஆனால் உருக்கும் பிரிவு, உருட்டும் பிரிவு, கொதிகலன் போன்ற இடங்களில் சில வாரங்கள் ஆறு–இரண்டு, இரண்டு–பத்து ஷிஃப்டிலும் போடுவார்கள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே கேட்டில் நிற்க வேண்டும். இரவு பத்துக்கு வெளியே வந்தால் டவுன் பஸ் கிடைப்பது கடினம். கம்பெனி பஸ்ஸில் மாணவர்களை ஏற்றுவார்களா, எந்த ஸ்டாப்பில் நிற்கும், ஏற எழுத்து அனுமதி வேண்டுமா என்று அதே போனில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் இடம் இருந்தும், அனுமதிக் கடிதம் இல்லை என்பதற்காகவே மாணவர்கள் இறக்கிவிடப்படுகிறார்கள்.

முதல் வாரம் மட்டும் நாள் வாடகைக்கோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கிக்கொண்டு, உடன் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் ரூம் கேளுங்கள். ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடி ரூம், லைன் வீடு எது காலி என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ரூம் பார்க்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. ஐந்து மாதத்துக்குத்தான் வருகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இடையில் காலி செய்தால் அட்வான்ஸில் பிடித்தம் வரும். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கும் வழக்கமும் உண்டு, அதையும் முன்பே பேசி அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். கரண்ட்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்திருக்கும் பல வீடுகளில் அந்தச் சலுகை ஓனரோடு நின்றுவிடும்.

தண்ணீரைத் தனியாகக் கேளுங்கள். குடிப்பதற்கு மேட்டூர் தண்ணீர், புழங்குவதற்கு போர் தண்ணீர் என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நிலை. மேட்டூர் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, பிடித்துவைக்க மாடி ரூமுக்குத் தொட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, குடிக்கக் கேன் வாங்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சென்னை, கோவை வழித்தட ரயில்கள் நிற்பது சூரமங்கலத்தில் உள்ள ஜங்ஷனில். சேலம் டவுன் ஸ்டேஷன் விருத்தாசலம் பாதையில் உள்ள வேறொரு ஸ்டேஷன்.

மகளுக்குச் சேலத்தில் ஐந்து மாதம் பயிற்சி. பெண்கள் விடுதியில் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். நல்ல விடுதிதானா என்று எதை வைத்து முடிவு செய்வது?
— ஒரு தாய், நாகப்பட்டினம்

லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த 2014-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதன்படி தனியார் பெண்கள் விடுதி நடத்துபவர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்ற விடுதி அதைக் காட்டத் தயங்காது. “அப்ளை பண்ணியிருக்கோம்மா, வந்துடும்” என்ற பதில் வந்தால் அடுத்த விடுதியைப் பாருங்கள்.

நேரில் போகும்போது மாலை ஏழு மணிக்குப் போங்கள். பகலில் எல்லா விடுதியும் அமைதியாகத்தான் இருக்கும். இரவுச் சாப்பாடு நேரத்தில் போனால் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, வார்டன் உண்மையிலேயே அங்கே தங்குகிறாரா, வாசலில் காவலாளி உண்டா, தெருவில் விளக்கு எரிகிறதா, பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கும் வழியில் கடைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மாடிப்படி ஒன்றுதானா, அவசரத்துக்கு இன்னொரு வழி உண்டா என்றும் பாருங்கள்.

பலரும் கோட்டைவிடுவது கேட் மூடும் நேரத்தில். விடுதி எட்டரைக்குக் கேட்டை மூடும், மகளின் ஷிஃப்ட் பத்துக்கு முடியும் என்றால் அந்த விடுதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உதவாது. நிறுவனத்திலிருந்து ஷிஃப்ட் நேரத்தைக் கடிதமாக வாங்கி வார்டனிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டால் தினமும் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்றும் இருக்கிறது. பணியிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்கும் ஊழியர்களோடு பயிற்சிக்கு வந்தவர்களையும் காக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள், முதல் நாளே அதைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். தொந்தரவு நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் தரலாம். பெண்கள் உதவிக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. பயிற்சியில் மதிப்பெண் போய்விடும் என்று பயந்து வாய்மூடி இருக்கும் பிள்ளைகள்தான் அதிகம். “மதிப்பெண் போனால் போகட்டும், நீ முதலில் சொல்” என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது பெரிய பலம்.

என் காலேஜ் இலவச பஸ் பாஸ் சேலத்தில் செல்லுமா?
— மாணவர், விழுப்புரம்

செல்லாது. அந்தப் பாஸ் உங்கள் வீட்டிலிருந்து உங்கள் கல்லூரி வரை உள்ள வழித்தடத்துக்கு மட்டும். மாணவிகளுக்குக் கவலையில்லை, அரசு டவுன் பஸ்களில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆனால் சேலத்தில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். டவுனுக்குள் போகும் வண்டிகள் பழைய பஸ் நிலையத்திலிருந்து, வெளியூர் வண்டிகள் புதிய பஸ் நிலையத்திலிருந்து. இரண்டும் வேறு வேறு இடம், முதல் நாள் குழம்பாதீர்கள். ஆடி மாதத்தில் பயிற்சிக்கு வருபவர்கள் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் பழைய பஸ் நிலையப் பக்கம் வண்டிகள் வழி மாறும் என்பதால் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

எஃகு ஆலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. யாரும் எனக்கு வேலை தருவதில்லை. “சுற்றிப் பாருப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்படியே போனால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?
— மாணவர், திருவண்ணாமலை

உங்களுக்கு வேலை தராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் பயிற்சி இல்லாதவர் கைவைத்தால் உயிருக்கு ஆபத்து, நடந்தால் பொறுப்பு அந்த ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு. அதனால் வேலை கேட்டு நிற்காதீர்கள், கணக்கு எழுத அனுமதி கேளுங்கள். அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆலை முழுவதையும் சுற்றாமல் ஒரே ஒரு மெஷினைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: நேரம், காயில் (தகட்டுச் சுருள்) எண், என்ன நடந்தது, ஆபரேட்டர் சொன்ன காரணம், நீங்கள் சரிபார்த்தது. மெஷின் நின்ற ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், எதனால் என்று குறியுங்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் 480 நிமிடம். அதில் 72 நிமிடம் நின்றிருந்தால் 408-ஐ 480-ஆல் வகுத்து, மெஷின் ஓடிய நேரம் 85 சதவீதம் என்று வரும். மூன்று வாரம் இப்படி எழுதிய பிறகு காரணங்களைக் கூட்டிப் பார்த்தால், மொத்த நிறுத்தத்தில் பெரும்பங்கு இரண்டு மூன்று காரணங்களில் அடங்கிவிடும். உங்கள் ப்ராஜெக்ட் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டிய நாளிலிருந்து இன்சார்ஜ் உங்களிடம் பேசும் விதமே மாறும்.

உருட்டும் பிரிவில் இருந்தால் தடிமன் கணக்கைச் சரியாகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் தகடு 1.2 ஆகக் குறைந்தால் குறைப்பு 60 சதவீதம். அதே தகடு அடுத்து 0.6 ஆனால் அந்தச் சுற்றில் 50 சதவீதம். இரண்டையும் கூட்டி 110 என்று ரிப்போர்ட்டில் எழுதி வைவாவில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மூன்றிலிருந்து 0.6 வரை மொத்தக் குறைப்பு 80 சதவீதம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குளிர் நிலையில் உருட்ட உருட்ட அது இறுகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் ஓரத்தில் வெடிப்பு விடும், ஸ்ட்ரிப் அறுந்துபோகும். அதனால்தான் இடையில் சுமார் 1,050 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தி, மேலே படிந்த ஆக்சைடை நைட்ரிக், ஹைட்ரோஃப்ளோரிக் அமிலக் கலவையில் கழுவி எடுக்கிறார்கள். 1981-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் இரும்பாலையில் உள்ளது போன்ற சென்ட்சிமிர் மில்லில் மொத்தம் 20 உருளைகள் இருக்கும். தகட்டைத் தொடும் இரண்டு உருளைகளும் மெலிதாக இருக்கும், அவை வளையாமல் தாங்கத்தான் மற்ற பதினெட்டும். உருளை மெலிதாக இருப்பதால் இறுகிப்போன தகட்டைக்கூட அழுத்தம் அதிகம் இல்லாமல் மெலிதாக்க முடிகிறது. இதை ஒரு படமாக உங்கள் கையால் வரைந்து, எந்த உருளை எத்தனை காயிலுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது என்று குறித்து வைத்தால் வைவாவில் கேட்கும் முதல் பத்துக் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடும் ஆலைகள் பல. அனுமதித்தாலும் படம் எடுக்காதீர்கள். டிராயிங்கை நகல் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டினால் சான்றிதழே கிடைக்காமல் போகலாம். எண்களைப் பயன்படுத்தும் முன் கைடிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆலைக்குள் போக என்னென்ன வாங்க வேண்டும்?
— மாணவி, திண்டுக்கல்

பாதுகாப்பு ஷூ. ஐ.எஸ். 15298 முத்திரை இருக்கிறதா என்று நாக்குப் பகுதியில் பாருங்கள், விரல் பகுதியில் இரும்பு மூடி இருக்க வேண்டும். தடித்த காட்டன் சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள், மாலை நேரத்தில் பாருங்கள், ஏனென்றால் நின்று நின்று கால் சற்று வீங்கியிருக்கும். சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழகாவிட்டால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம். உடை முழுக்கக் காட்டன். பாலியெஸ்டர் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா, மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி கூடாது. கூந்தலைக் கொண்டையாகப் போட்டு வலைக்குள் அடக்கிவிடுங்கள்.

ஹெல்மெட்டை நிறுவனம் தரும். உருகிய உலோகம் இருக்கும் பகுதிக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். உருகிய உலோகத்தின் அடியில் தண்ணீர் சிக்கினால் நொடியில் ஆவியாகி வெடிக்கும். பிளாஸ்ட் ஃபர்னஸ் உள்ள ஆலைகளில் கார்பன் மோனாக்சைடு கசியலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, தலைவலியும் மயக்கமும் வந்த பிறகு நடக்கக்கூட முடியாமல் போகும். கேஸ் பகுதிக்குத் தனியாகப் போகக் கூடாது, வாயுவைக் காட்டும் மானிட்டர் வைத்திருப்பவரோடுதான் போக வேண்டும்.

மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ. கிடையாது. வங்கிக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்து 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, 18 வயது நிரம்பியவர்கள் சேரலாம். கிளம்பும் முன் சேர்ந்துவிடுங்கள்.

ஃபுட் டெக்னாலஜி படிக்கிறேன். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஆலையில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. சின்ன ஆலை, அங்கே கற்க என்ன இருக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.
— மாணவி, தஞ்சாவூர்

பெரிய ஆலையைவிட அதிகமாகக் கற்கலாம். பிஸ்கெட் ஆலையில் ஒரு மூலையில் நின்று பேக்கிங் பார்ப்பீர்கள். சேகோ ஆலையில் லாரியில் கிழங்கு இறங்குவது முதல் மூட்டை தைப்பது வரை ஒரே வளாகத்தில், கண்முன்னே நடக்கும். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது. 1981-இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வழியாக இந்தப் பகுதி ஆலைகளின் சரக்கு விற்பனைக்குப் போகிறது. அங்கு ஏல நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள், நிறத்துக்கும் குருணை அளவுக்கும் விலை எப்படி மாறுகிறது என்பது பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

முதலில் ‘பாயிண்ட்’ கணக்கு. இங்கே குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விலையை ‘ஒரு பாயிண்ட்டுக்கு இத்தனை’ என்று பேசுவார்கள். பாயிண்ட் என்பது கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் சதவீதம். மாதிரிக் கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டு அடர்த்தியை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். நல்ல கிழங்கில் 25 முதல் 30 வரை வரும். எடை போடும் முன் மண்ணைக் கழுவினார்களா, தராசு சரியாக நிற்கிறதா என்பதில்தான் விவசாயிக்கும் ஆலைக்கும் தகராறு வரும். நின்று கவனியுங்கள், இரு தரப்பிலும் கேளுங்கள்.

கிழங்கை வெட்டிய மறுநாளே அரைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் குவித்து வைத்தால் உள்ளே கருநீலக் கோடு ஓடும், மாவு நிறம் கெடும். தோல் உரித்துக் கழுவி, ராஸ்பர் என்னும் பல் வைத்த மெஷினில் அரைத்து, சல்லடையில் தண்ணீர் விட்டால் மாவுப் பால் கீழே இறங்கும், சக்கையான திப்பி மேலே தங்கும். மாவுப் பால் தொட்டியில் சில மணி நேரம் நின்று அடியில் கட்டியாகப் படியும். அதிக நேரம் விட்டால் புளிக்கும், மறுபடி நிறம்தான் போகும். தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தாலும் வெண்மை மங்கும்.

படிந்த ஈரமாவை உடைத்துத் துணித் தொட்டிலில் குலுக்கிக் குருணை பிடிப்பார்கள். மாவின் ஈரம்தான் இங்கே எல்லாம். ஈரம் கூடினால் குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும், குறைந்தால் உதிர்ந்து மாவாகவே இருக்கும். அனுபவசாலி ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்: கையைத் திறந்ததும் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டியதும் உடைய வேண்டும். அவர் ‘சரி’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் சிறிது மாவை டப்பாவில் எடுத்துக் கல்லூரி ஆய்வகத்தில் ஈரப்பதம் பாருங்கள். ஒரு மாதத்தில் அவருடைய கைக்கணக்கு சதவீதமாக உங்கள் நோட்டில் இருக்கும். பிறகு எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்துக் களத்தில் காயவைத்தால் வறுவை ஜவ்வரிசி, ஆவியில் வேகவைத்து எடுத்தால் நைலான் ஜவ்வரிசி.

ப்ராஜெக்டுக்குத் திப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 28 பாயிண்ட் கிழங்கு ஒரு டன் வந்தால் 280 கிலோ மாவுச்சத்து உள்ளே வருகிறது. அதில் எத்தனை கிலோ மாவாக வெளியேறுகிறது? மீதி எங்கே? பெரும்பங்கு திப்பியில்தான். காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். ராஸ்பர் பற்கள் மழுங்கினால் அது இன்னும் கூடும். பல் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் திப்பியில் மிஞ்சும் மாவுச்சத்தை அளந்து, அது எத்தனை ரூபாய் என்று எழுதிக் கொடுத்தால் முதலாளியே உட்கார்ந்து படிப்பார்.

கழிவுநீர் புளித்து நாறும், முதல் வாரம் சாப்பாடு இறங்காது, பிறகு பழகிவிடும். பல ஆலைகள் அந்தக் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுக்கின்றன, அந்தப் பிளான்ட்டையும் பாருங்கள். குச்சிக்கிழங்கின் தோலிலும் கழுவிய நீரிலும் சயனைடு சேர்மங்கள் உண்டு, மாடு குடிக்கக் கூடாது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெண்மை கூட்ட ரசாயனம் போடுவது, மக்காச்சோள மாவு கலப்பது போன்ற புகார்கள் இந்தத் தொழிலில் நெடுநாளாக உண்டு. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தனியாக நின்று தட்டிக்கேட்க முயலாமல், நாள், நேரம், பார்த்தது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கல்லூரி கைடிடம் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கொண்டுபோவது அவர் வழியாக நடக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: கிழங்கு வரத்து மார்ச்சுக்குப் பிறகு குறையும், சில ஆலைகள் ஓட்டத்தை நிறுத்திவிடும். ஜனவரி முதல் மே வரை என்றால் அளவெடுக்கும் வேலைகளை பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள்.

வேளாண்மை மாணவன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பயிற்சி. சேலத்தில் தங்கித் தினமும் மலையேறலாமா?
— மாணவர், சிவகங்கை

வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் வேலை பார்க்க உடம்பில் தெம்பு இருக்காது. மாலையில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதிலேயே தோட்டத்தில் முக்கியமான நேரம் போய்விடும். தோட்டத்திலேயே தங்க இடம் கேளுங்கள், இல்லையென்றால் ஏற்காடு டவுனில் பாருங்கள். சனி, ஞாயிறு, மே மாதம் என்றால் சுற்றுலாப் பயணிகளால் வாடகை ஏறும், அதனால் மாத வாடகையை ஜனவரியிலேயே பேசி முடியுங்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், ஜனவரி இரவுகளுக்குக் கம்பளியும் ஸ்வெட்டரும் கட்டாயம். பெருமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பதுண்டு, அப்போது குப்பனூர் வழிதான் மாற்று.

ஜனவரியில் போனால் அரபிக்கா பறிப்பின் கடைசிச் சுற்றைப் பார்க்கலாம். பறித்த பழத்தை அன்றே தோல் நீக்குவார்கள். வழவழப்பு போக 24 முதல் 36 மணி நேரம் நொதிக்க விடுவார்கள், குளிர் கூடினால் இன்னும் நேரம் எடுக்கும். ஒரு பிடி கொட்டையைத் தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள்: மணலைத் தேய்ப்பது போலச் சரசரத்தால் பதம். அதற்கு மேல் விட்டால் புளிப்பு வாடை ஏறிக் காப்பியின் ருசி கெடும். காயவைத்து முடிக்கும்போது ஈரம் 10 சதவீதத்துக்கு வர வேண்டும்.

பிப்ரவரிக்குப் பிறகு கவாத்து, மார்ச்சில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தேடும் வேலை. தண்டில் விரலை ஓடவிட்டால் வரம்பு போல மேடு தட்டும், அதற்குள் புழு துளைத்திருக்கிறது. வண்டு ஏப்ரல், மே மாதங்களில் வெளியேறுவதற்கு முன் அந்தச் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். சில்வர் ஓக் கிளைகளை அளவுக்கு மீறிக் கழித்து வெயில் நேராக விழும் இடங்களில்தான் தாக்குதல் அதிகம். நிழல் உள்ள வரிசையிலும் இல்லாத வரிசையிலும் நூறு நூறு செடி எண்ணினால் நல்ல ப்ராஜெக்ட் ஆகும். மார்ச், ஏப்ரலில் காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை எந்தத் தேதியில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பறிப்பின் விளைச்சலை அதை வைத்துத்தான் பேசுவார்கள்.

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் ஏற்காட்டில்தான் உள்ளன. கல்லூரிக் கடிதத்தோடு போனால் பார்க்கலாம். காட்டிலிருந்து செடி எதையும் வனத்துறை அனுமதியின்றி எடுக்காதீர்கள்.

இன்டர்ன்ஷிப்புக்கும் சான்றிதழுக்கும் எட்டாயிரம் ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் பணம் தருகிறார்களாமே?
— மாணவர், கடலூர்

சில பொதுத்துறை நிறுவனங்கள் பயிற்சிக் கட்டணம் வாங்குவதுண்டு. அது நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்குப் போகும், ரசீது வரும். தனிநபரின் கூகுள் பே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், அல்லது ‘வராமலே சான்றிதழ் தருகிறோம்’ என்றால் கட்டாதீர்கள். பிரதமர் திட்டம் 2024-இல் முன்னோடியாகத் தொடங்கியபோது முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை, இப்போதைய தகுதியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஏப்ரல், மே வெயிலில் சேலத்தில் எப்படிச் சமாளிப்பது? சாப்பாடு?
— மாணவர், நீலகிரி

மலையிலிருந்து வருவதால் உங்களுக்குத்தான் அதிகம் உறைக்கும். ஆலைக்குள் வெப்பம் சேர்ந்துகொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தட்டையாக அளந்து, கலந்து ஷிஃப்ட் முழுக்கக் குடியுங்கள். உப்பைக் கூட்டிவிடாதீர்கள். மதியம் ஆலை கேண்டீனில் மாணவருக்குக் கூப்பன் உண்டா என்று கேளுங்கள், வெளி ஓட்டலில் ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. மாலையில் தெருவோரத் தட்டுவடை செட்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், சட்னி. சட்னி அன்றன்று அரைத்ததாக, கூட்டம் உள்ள கடையாகப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

பயிற்சி முடிந்து வந்த பிறகு சான்றிதழில் தேதி தவறு என்று கல்லூரியில் திருப்பிவிட்டார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். இதைத் தவிர்ப்பது எப்படி?
— மாணவி, திருநெல்வேலி

கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி பெயரும் இனிஷியலும், பதிவு எண், பிரிவு, தொடங்கிய தேதி, முடிந்த தேதி இவற்றை ஒரு தாளில் டைப் செய்து ஹெச்.ஆர். பிரிவில் கொடுத்தால் தவறு வராது. கல்லூரி எத்தனை வாரம் என்று கேட்கிறதோ அதை நாளாக எண்ணிப் பாருங்கள். இடையில் பொங்கல் விடுமுறை, ஊருக்குப் போன நாட்கள் கழிந்து ஒரே ஒரு நாள் குறைந்தாலும் சில கல்லூரிகள் ஏற்பதில்லை. குறைந்தால் அங்கேயே இரண்டு நாள் கூடுதலாக இருந்து ஈடுகட்டுவது எளிது, ஊருக்குப் போன பிறகு திரும்பி வருவதுதான் சிரமம். வருகைப் பதிவின் சுருக்கத்தில் மாதம்தோறும் கைடின் கையெழுத்து வாங்குங்கள். கேட் பாஸ், ஹெல்மெட், நூலகப் புத்தகம் எல்லாம் திருப்பிக் கொடுத்துப் பாக்கியில்லை என்ற சீட்டு வாங்கிய பிறகுதான் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்கள். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவர் கட்டாயம் லீவில் இருப்பார், அதற்காகவே இரண்டு நாள் ஒதுக்கி வையுங்கள்.